ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு வேட்டை ஸ்கோப் ஒத்துவருமா? 8,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

பாகூரான்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது உள்நாட்டில் செய்த .177 (4.5 மி.மீ.) பிரேக் பேரல், அதாவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். மேலே ஸ்கோப்பைப் பூட்ட 11 மி.மீ. டவ்டெயில் காடி வெட்டியிருக்கு, ஸ்கோப்பு நகராம தடுக்கிற ஸ்டாப் பின் உட்கார ஒரு சின்ன ஓட்டையும் இருக்கு. சுடுறது தென்னந்தோப்புல, பின்னாடி மண்கரை, காகித டார்கெட் மட்டும்தான். பெரும்பாலும் 10 மீட்டரும் 25 மீட்டரும், எப்பவாவது 50. துப்பாக்கியோட சும்மா கொடுத்த 4×20 (நாலு மடங்கு பெருக்கம், 20 மி.மீ. முன் லென்ஸ்) ஸ்கோப்புல பத்து மீட்டருக்கு அப்பால டார்கெட்டின் வட்டமே மங்கலா இருக்கு.

மச்சான் பிரான்ஸ்ல துலூஸ் பக்கம். அங்க முறைப்படி பெர்மி (வேட்டை உரிமம்) எடுத்து காட்டுப்பன்றி வேட்டைக்குப் போறவர். தன்னோட .308 வேட்டை ரைஃபிள் மேல இருக்கிற 3-9×40 (பெருக்கத்தை 3-ல இருந்து 9 வரைக்கும் மாத்தலாம்) ஸ்கோப்பை எனக்குத் தந்துட்டு, அவர் புதுசா ஒண்ணு வாங்கிக்கறேன்னு சொல்றார். .308 உதையையே தாங்கின ஸ்கோப்பு, ஏர் கன் என்ன பெரிசா பண்ணிடப் போகுதுன்னு அவர் வாதம். சரியா? இல்லேன்னா, 8,000 ரூபாய்க்குள்ள நான் எதைப் பார்க்கணும்? ஆன்லைன்ல 6-24×50 கூட அந்த விலைக்கு வருது, அதையே எடுத்துடலாமான்னு ஒரு ஆசை. மச்சானுக்கும் அதிக செலவில்லாம என்ன சொல்லலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மட்டக்கோல்:

மச்சான் வாதம் கேட்க நியாயமா இருக்கும், ஆனா தப்பு. .308 ஒரே திசையில, பின்னால மட்டும் உதைக்கும். ஸ்கோப்பு செய்றவங்க உள்ளே லென்ஸையும் குறுக்குக்கோட்டு வளையத்தையும் அந்தத் திசைக்குத் தாங்குற மாதிரி வச்சுப் பூட்டுவாங்க. ஸ்பிரிங் கன்னோட கதை வேற. ட்ரிகரை அழுத்தினதும் பிஸ்டன் முன்னால பாயும், துப்பாக்கி பின்னால வரும். அடுத்த நொடிக்குள்ளயே பிஸ்டன் சிலிண்டர் முனையில போய் முட்டி நிக்கும், அப்ப துப்பாக்கி முன்னால வெட்டி இழுக்கும். இந்த ரெண்டாவது வெட்டுதான் ஸ்கோப்பைக் கொல்றது. முன்பக்கத் தாங்கல் இல்லாத லென்ஸ் தளரும், குறுக்குக்கோடு சாயும், நடுக்குழலை ஒரு பக்கமா அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் தன் பிடியை விடும். ஆயிரம் ரவை தாண்டியும் ஒண்ணும் ஆகாத வேட்டை ஸ்கோப்பும் உண்டு, முதல் டப்பா முடியறதுக்குள்ள போனதும் உண்டு. அதனால கேட்க வேண்டியது ஒண்ணுதான்: தயாரிப்பாளர் கையேட்டுல "ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது"ன்னு எழுத்துல இருக்கா? இருந்தா மாட்டுங்க. இல்லேன்னா மச்சானே வச்சுக்கட்டும்.

உதை தாங்கினாலும் அடுத்த சிக்கல் பாரலாக்ஸ், அதாவது கண்ணு நகர்ந்தா குறியும் நகர்ற கோளாறு. சென்டர்ஃபயர், அதாவது .308 மாதிரி ரைஃபிளுக்குன்னு செய்யற 3-9×40 பெரும்பாலும் 100 யார்டுல, அதாவது 91 மீட்டர்ல அந்தக் கோளாறு இல்லாதபடி பாரலாக்ஸ் பூட்டினது. கண்ணு ஸ்கோப்போட நடுவுல இல்லாம ஓரமா போனா, கிட்ட இருக்கிற டார்கெட்ல குறி நகரும். எவ்வளவு நகரும்னு கணக்கே போடலாம்: முன் லென்ஸ் விட்டத்துல பாதி, அதை தூர வித்தியாசத்தால பெருக்கி, பூட்டின தூரத்தால வகுக்கணும். 40 மி.மீ. லென்ஸுக்கு 10 மீட்டர்ல 20 × 81 ÷ 91, கிட்டத்தட்ட 18 மி.மீ. 25 மீட்டர்ல 14 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. 50-ல 9 மி.மீ. இது அதிகபட்சத் தவறு, கண்ணு லென்ஸ் விளிம்பு வரைக்கும் போனாத்தான் இவ்வளவு வரும். ஆனாலும் பாதி வந்தாலே 10 மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் போச்சு. அதோட 9× வச்சு 10 மீட்டர் டார்கெட்டைப் பார்த்தா படமே கலங்கித் தெரியும்.

அதனால உங்களுக்கு வேண்டியது, முன் லென்ஸ் வளையத்தையோ இடப்பக்கக் குமிழையோ திருப்பி 10 யார்டு வரைக்கும் இறங்கக்கூடிய ஸ்கோப்பு. கடையில அதை ஏஓ-ன்னு சொல்வாங்க. 3-9×40 ஏஓ அல்லது 4-12×40 ஏஓ. இந்த ரெண்டைத் தாண்டி யோசிக்க வேண்டாம். ஹாக் கம்பெனியில ஏர்மேக்ஸ்னு ஏர்கன்னுக்காகவே ஒரு வரிசை இருக்கு, நல்ல சாமான், ஆனா உங்க பட்ஜெட்டுக்குள்ள புதுசா வரும்னு எதிர்பார்க்காதீங்க. பட்ஜெட்டுக்குள்ள சீனத் தயாரிப்புகள்தான். அதுலயும் தேறுறது உண்டு, எப்படித் தேர்றதுன்னு கீழ சொல்றேன்.

6-24×50 ஆசையை விட்டுடுங்க. அந்த விலைக்கு 24× வரணும்னா எங்கயோ கை வச்சிருப்பாங்க, அது பெரும்பாலும் கண்ணாடியிலயும் உள்குழல்லயும்தான். 50-ஐ 24-ஆல வகுத்தா 2 மி.மீ. கொஞ்சம் மேல, கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றையோட தடிமன் அது. நிழல்ல நின்னு பார்த்தா இருண்டு போகும், தலை துளி நகர்ந்தாலும் படம் மறையும். 3-9×40-ல 9×-லயே 4.4 மி.மீ. கிடைக்குது. எடையும் பாருங்க: கனமான ஸ்கோப்புன்னா ஒவ்வொரு வெட்டுக்கும் மவுண்ட் மேல விழற இழுப்பும் கூடும். 24×-ல உங்க நெஞ்சுத் துடிப்பு வரைக்கும் டார்கெட்ல ஆடும், அதைப் பார்த்துப் பயந்தே ட்ரிகரை இழுத்துடுவீங்க.

30 மி.மீ. குழல்னா வெளிச்சம் அதிகம்னு கடைக்காரர் சொன்னா தலையாட்டிட்டு விட்டுடுங்க. வெளிச்சம் முன் லென்ஸாலயும் கண்ணாடிப் பூச்சாலயும் வர்றது. பெரிய குழல்ல கிடைக்கிறது மேல கீழ திருப்ப அதிக இடம், அவ்வளவுதான். உங்களுக்கு 1 இஞ்ச், 25.4 மி.மீ. குழலே போதும்.

வாங்கறதுக்கு முன்னால, இல்லை வந்த பார்சலைத் திரும்ப அனுப்பற நாள் முடியறதுக்குள்ள, சுடாமலே செய்யக்கூடிய சோதனைகள். துப்பாக்கியையோ வெறும் ஸ்கோப்பையோ மணல் மூட்டை மேல அசையாம வையுங்க. 25 மீட்டர்ல கோடு போட்ட சார்ட் ஒட்டுங்க. குறுக்குக்கோட்டை ஒரு கட்டத்துல நிறுத்தி, தொடாம தலையை மட்டும் அசைச்சுப் பாருங்க. ஏஓ-வை 25-க்குத் திருப்பின பிறகும் கோடு டார்கெட் மேல நீந்தினா அந்த ஏஓ சும்மா பேருக்கு. அடுத்து, 3×-ல இருந்து 9× வரைக்கும் மெதுவா சுத்துங்க. கோடு வச்ச இடத்துலயே இருக்கணும். அப்புறம் மேல் டரட்டை (குறியை மேல கீழ நகர்த்தற குமிழ்) 40 கிளிக் ஏத்துங்க. கால் எம்ஓஏ (ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்குதான் எம்ஓஏ) கிளிக்னா 40 கிளிக்குக்கு 10 எம்ஓஏ, 25 மீட்டர்ல 73 மி.மீ. கோடு சார்ட்ல அவ்வளவு நகரணும், நேர்க்கோட்டுல நகரணும். வலப்பக்கம் 40, கீழ 40, இடப்பக்கம் 40 திருப்பினா புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரணும். 65-ஓ 80-ஓ மி.மீ. காட்டினாக்கூடப் பரவாயில்லை, ஒருதரம் ஜீரோ பண்ணி (குறியையும் ரவை விழற இடத்தையும் ஒண்ணாக்கி) விட்டுடலாம். திரும்பி வரலேன்னா மட்டும் பெட்டியிலயே போட்டு அனுப்பிடுங்க.

பிரபல அமெரிக்கக் கம்பெனி பேர் அச்சடிச்சு மூவாயிரத்துக்கு வர்றது பெரும்பாலும் நகல். பேரில்லாத சீன ஸ்கோப்பு அதைவிட நேர்மையானது.


கெடிலம்:

மட்டக்கோல் அண்ணன் சொன்னதுல பெரும்பகுதிக்கு ஒப்புதல், ஏஓ விஷயத்துல மட்டும் கொஞ்சம் மாறுபடறேன். மலிவு ஸ்கோப்புல அசையற பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆயுள். 10-க்கும் 25-க்கும் இடையில மட்டும் சுடறவருக்கு, ஏர்கன்னுக்குன்னு 30-35 யார்டுல பாரலாக்ஸ் பூட்டின 4×32 ஒற்றைப் பெருக்கம் போதும். பூட்டினது 35 யார்டு, அதாவது 32 மீட்டர்னு வைங்க. 25 மீட்டர்ல அதிகபட்சத் தவறு 16 × 7 ÷ 32, மூணரை மி.மீ. தான். கன்னத்தை ஒரே இடத்துல வைக்கப் பழகினா அதுவும் இல்லை. மிச்சக் காசை மவுண்டுக்கும் நல்ல பெல்லட்டுக்கும் போடலாம்.

இன்னொண்ணு, யாரும் கேட்கலை. நாளைக்கு மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டின்னு போற எண்ணம் இருந்தா ஸ்கோப்பே வாங்காதீங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில லென்ஸ் போட்ட ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. பீப் சைட் (சின்ன ஓட்டை வழியா பார்க்கிறது) இல்லேன்னா ஓப்பன் சைட் (துப்பாக்கி மேல இருக்கிற சாதாரணக் குறி). அந்த டார்கெட்ல பத்துப் புள்ளிங்கிறது அரை மி.மீ. பொட்டு, அதை ஸ்கோப்பு இல்லாமத்தான் அடிக்கறாங்க.


மட்டக்கோல்:

கெடிலம் சொல்றது 25 மீட்டரோட நிறுத்திக்கிறவருக்குச் சரி. இவர் 50-ம் கேட்டிருக்கார். 50 மீட்டர்ல 4×-க்கு டார்கெட் பொட்டு மாதிரிதான் தெரியும். அதுவும் 10 மீட்டர்ல அதே 4×32 கணக்கைப் போட்டா 11 மி.மீ. வருது. ஏஓ பக்கமே நிக்கறேன். ஸ்பிரிங் இல்லாம, அடைச்சு வச்ச காத்துல சுடற பிசிபி வச்சிருக்கிறவங்களுக்கு இந்த உதைப் பேச்சே பொருந்தாது, உதையைப் பொறுத்தவரைக்கும் அவங்க எதையும் மாட்டலாம்.


பாகூரான்:

ரெண்டு பேருக்கும் நன்றி. 3-9×40 ஏஓ-ன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். இப்ப இருக்கிற சின்ன ஸ்கோப்பே அம்பது ரவைக்கு ஒருதரம் பின்னால நகர்ந்துடுது, திருகை எவ்வளவு இறுக்கினாலும் நிக்கலை. ரெண்டாவது, 10 மீட்டர்ல நாலு சென்டிமீட்டர் கீழ அடிக்குது, டரட்டைப் பத்துப் பதினஞ்சு கிளிக் ஏத்தியும் மாற்றமே இல்லை. டரட் போயிடுச்சா?


ரசமட்டம்:

டரட் போகலை, கணக்குத்தான். கால் எம்ஓஏ கிளிக் ஒண்ணு 100 மீட்டர்ல 7.3 மி.மீ. நகர்த்தும். 10 மீட்டர்ல முக்கால் மி.மீ. கூட இல்லை. நாலு சென்டிமீட்டர் ஏத்த 55 கிளிக் வேணும். பதினஞ்சு கிளிக்ல பதினோரு மி.மீ. ஏறியிருக்கும், அது உங்க குரூப் (ரவைங்க சிதறி விழற வட்டம்) அகலத்துக்குள்ளயே மறைஞ்சு போயிருக்கும்.

நகர்றது மவுண்ட் விஷயம். எட்டாயிரத்துல ஆயிரத்தைநூறுல இருந்து ரெண்டாயிரம் வரைக்கும் மவுண்டுக்குன்னு ஒதுக்கிடுங்க. ஸ்கோப்போட இலவசமா வர்ற ரெண்டு துண்டு வளையம் ஸ்பிரிங் கன்னுக்கு ஆகாது. 11 மி.மீ. டவ்டெயிலுக்கான ஒற்றைத் துண்டு மவுண்ட், அடியில ஸ்டாப் பின் இருக்கணும், ஒவ்வொரு வளையத்துக்கும் மேல் மூடியில நாலு திருகு இருக்கணும். வீவர், பிக்காட்டினின்னு போட்டது 21 மி.மீ. அகலத் தண்டவாளத்துக்கு, உங்களுதுல உட்காராது. ஆர்டர் போடறப்ப இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க.

மாட்டற முறை. டவ்டெயிலையும் மவுண்டின் பிடியையும் தின்னர் நனைச்ச துணியால துடைச்சு எண்ணெய்ப் பசையை எடுங்க. உங்க ஸ்கோப்பு நகர்றதுக்குப் பாதிக் காரணம் அந்த எண்ணெய்தான். ஸ்டாப் பின்னை ஓட்டையில இறக்கி, மவுண்டைப் பின்னால தள்ளி, பின் ஓட்டையின் பின்சுவத்துல முட்டின பிறகு பக்கத் திருகுகளை இறுக்குங்க. முட்டாம இடைவெளி விட்டா முதல் பத்து ரவையில அந்த இடைவெளிக்கு நகரும், பின்னும் வளையும். நகர்றது ஏன் பின்னாலன்னா, துப்பாக்கி முன்னால வெட்டறப்ப ஸ்கோப்பு இருந்த இடத்துலயே நிக்கப் பார்க்கும்.

ஸ்கோப்பைக் கீழ் வளையத்துல வச்சு மூடியைத் தளர்வா மாட்டுங்க. பெருக்கத்தை 9×-ல வச்சு, கண்ணை மூடிக்கிட்டு வழக்கமா சுடற மாதிரி கன்னத்தைச் சாய்ச்சு, பிறகு கண்ணைத் திறங்க. வட்டம் முழுசா, ஓரத்துல கறுப்பு விழாம தெரியற வரைக்கும் முன்பின் நகர்த்துங்க. பொதுவா கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் 75-ல இருந்து 100 மி.மீ. வரும். குறுக்குக்கோட்டை நேராக்கக் கொத்தனார் கிட்ட இருக்கிற தூக்குக்குண்டு போதும். 25 மீட்டர் தள்ளி நூலைத் தொங்கவிட்டு, துப்பாக்கியோட டவ்டெயில் மேல சின்ன ரசமட்டம் வச்சு மட்டமாக்கி, செங்குத்துக் கோடு நூலோட ஒட்டுற மாதிரி ஸ்கோப்பைத் திருப்புங்க. கோடு சாய்ஞ்சிருந்தா 25-ல ஜீரோ பண்ணினாலும் 50-ல ஒரு பக்கமா ஒதுங்கும்.

மூடித் திருகை மூலைக்கு மூலை மாத்தி மாத்தி, கால் கால் சுத்தா இறுக்கணும். ரெண்டு பக்கமும் மூடிக்கும் கீழ் வளையத்துக்கும் இடைவெளி சமமா இருக்கட்டும். இறுக்க அளவு 15-18 இஞ்ச்-பவுண்டு, ஏறத்தாழ 1.7-ல இருந்து 2 நியூட்டன் மீட்டர். டார்க் டிரைவர் இல்லேன்னா, எல்-கீயோட குட்டைக் காலைக் கையில பிடிச்சு நீளக் காலைத் திருகுல வச்சு ரெண்டு விரலால முடிஞ்ச மட்டும். அதுக்கு மேல போனா குழல் நசுங்கும், உள்ள இருக்கிற நடுக்குழல் சிக்கும், டரட் திருப்பினா நகராது. நீல லாக்டைட் (திருகு கழலாம பிடிக்கிற பசை) மவுண்டோட அடித் திருகுக்கு ஒரு துளி போதும், மூடித் திருகுக்கு வேண்டாம். கடைசியா, வளையத்துக்குப் பின்னால குழல்ல மெல்லிசா பென்சில் கோடு ஒண்ணு. நகர்ந்தா அது காட்டிக்கொடுக்கும்.

பிரேக் பேரல்ல இன்னொரு குணம் உண்டு. குழல் மூடின நிலையில முனை லேசா கீழ தொங்கும். ஓப்பன் சைட் ரெண்டும் குழலோட போறதால தெரியாது, ஸ்கோப்பு மாட்டினதும் ரவை கீழ கீழ போகும். டரட்டை மேல ஏத்தி ஏத்தி முக்கால்வாசிக்கு மேல போயிட்டா, உள்ள நடுக்குழலைப் பிடிக்கிற ஸ்பிரிங் விரிஞ்சு பலமில்லாம போகும். அப்பத்தான் "நேத்து சரியா இருந்துது, இன்னைக்கு மாறிடுச்சு"ங்கிற புலம்பல் வரும். அதனால முதல்ல டரட்டை ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் கிளிக் எண்ணி, சரிபாதியில நிறுத்திட்டுச் சுட்டுப் பாருங்க. 25 மீட்டர்ல ஏழெட்டு சென்டிமீட்டர் கீழன்னா, பின் வளையத்தோட கீழ்ப்பாதியில குளிர்பான அலுமினிய டின்னுல வெட்டின பட்டையைப் போடுங்க. பட்டை ஒண்ணு 0.1 மி.மீ. வளையங்களுக்கு இடையே 100 மி.மீ. இருந்தா, பட்டை ஒண்ணுக்கு 25 மீட்டர்ல 25 மி.மீ. ஏறும். மூணு பட்டையோட நிறுத்திடணும், அதுக்கு மேல குழல் வளையும். இன்னும் கீழ போனா, பின்பக்கம் சரிவா உயர்த்தின டிரூப் மவுண்ட்னே விக்கறாங்க, அதை வாங்குங்க.


மட்டக்கோல்:

ரசமட்டம் சொன்னதுக்கு மேல ஜீரோ பத்திக் கொஞ்சம். முதல்ல 10 மீட்டர்ல பெரிய அட்டை வச்சு ரவை எங்க போகுதுன்னு பாருங்க, பிறகு 25-க்குப் போங்க. ஒரு ரவையைப் பார்த்து டரட்டைத் திருப்பாதீங்க. அஞ்சு சுட்டு, அஞ்சுக்கும் நடுவைக் குறிச்சு, அந்த நடுவைத்தான் நகர்த்தணும். 25 மீட்டர்ல கிளிக் ஒண்ணு 1.8 மி.மீ. திருப்பின பிறகு ரெண்டு மூணு ரவையைக் கணக்குல சேர்க்காம விடுங்க. மலிவு டரட் உதை பட்ட பிறகுதான் முழுசா உட்காரும்.

25-ல ஜீரோ ஆனா மத்த தூரத்துல எங்க போகும்? 8 கிரெயின் (சுமார் அரை கிராம்) பெல்லட், நொடிக்கு 240 மீட்டர், ஸ்கோப்பு குழலுக்கு மேல நாலரை சென்டிமீட்டர்னு வச்சா, 10 மீட்டர்ல ஒண்ணேகால் சென்டிமீட்டர் கீழ, 50-ல ஒன்பது பத்து சென்டிமீட்டர் கீழ வரும். குறுக்குக்கோட்டுல புள்ளி போட்ட மில்டாட் இருந்தா, 10-ல நடுவுக்குக் கீழ ஒண்ணேகால் புள்ளியையும், 50-ல ரெண்டு புள்ளிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தையும் டார்கெட்ல வைக்கணும். இந்தப் புள்ளிக்கணக்கு ஒரே ஒரு பெருக்கத்துலதான் சரியா இருக்கும், எதுலன்னு கையேட்டுல போட்டிருக்கும். உங்க துப்பாக்கியோட வேகம் வேறயா இருந்தா எண்ணும் மாறும், சுட்டுப் பார்த்து ஸ்டாக்குல ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக்குங்க.

பெல்லட் தட்டைத் தலையா உருண்டைத் தலையான்னு பாருங்க. தட்டைத் தலை காகிதத்துல அழகா வட்ட ஓட்டை போடும், ஆனா 25-க்கு மேல சிதறும். 50-க்கு உருண்டைத் தலைதான்.

ஸ்பிரிங் கன்னை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, கெட்டியான பலகை மேலயும் வைக்கக் கூடாது. முன்கையை விரிச்சு உள்ளங்கையில கிடக்க விட்டா, ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி குதிக்கும். பிடி மாறினா ஜீரோவும் மாறும். ஸ்கோப்பைக் குறை சொல்றதுக்கு முன்னால ஸ்டாக் திருகு, மவுண்ட், பெல்லட், இந்த வரிசையில பார்த்துடுங்க. அப்பவும் சந்தேகம்னா ஸ்கோப்பைக் கழட்டி ஓப்பன் சைட்ல அஞ்சு சுடுங்க. அது ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள கூடி, ஸ்கோப்பு மட்டும் ஆறு சென்டிமீட்டருக்குச் சிதறினா அப்ப ஸ்கோப்பு மேல பழி போடலாம்.


சங்கராபரணி:

மச்சானோட பாதியை யாரும் தொடலை, நான் சொல்றேன். அங்க காட்டுப்பன்றி வேட்டையில ரெண்டு வகை. ஆளுங்களும் நாயும் விரட்டிக்கிட்டு வர, வரிசையா நின்னு சுடறது பத்தூ. மேடையில உட்கார்ந்து காத்திருந்து சுடறது அஃபூ. அவர் எதுக்கு அதிகம் போறார்னு முதல்ல கேளுங்க, ஸ்கோப்பு அதைப் பொறுத்துத்தான்.

பத்தூவுல பன்றி ஓடிக்கிட்டே குறுக்க வரும், பெரும்பாலும் 60 மீட்டருக்குள்ள. 3-9×40-ஐக் கடைசி வரைக்கும் இறக்கி 3×-ல வச்சாக்கூட 100 மீட்டர்ல 11-12 மீட்டர் அகலம்தான் தெரியும். 40 மீட்டர்ல அஞ்சு மீட்டர் கூட இல்லை. பன்றி வட்டத்துக்குள்ள வந்தது தெரியறதுக்குள்ள வெளியே போயிடும். 1-6×24 எடுத்தா 1×-ல 100 மீட்டருக்கு 35 மீட்டருக்கு மேல தெரியும், ரெண்டு கண்ணையும் திறந்து வச்சே சுடலாம், பக்கத்துல நிக்கிற ஆளும் கண்ணுல படுவார். பக்கத்து ஆள் இருக்கிற திசையில 30 டிகிரிக்குள்ள சுடக் கூடாதுன்னு அங்க கறாரான வழக்கம் இருக்கே, அதுக்கும் இந்த அகலம் உதவும். நடுவுல பகல்லயும் தெரியற அளவு பிரகாசமான சிவப்புப் புள்ளி எரியணும். மலிவு மாடல்ல கோடு முழுக்கச் சிவப்பா எரியும், வெயில்ல ஒண்ணும் தெரியாது. அதுல காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். 1-4×24 எடுத்தாலும் போதும், விலை இறங்கும்.

அஃபூன்னா அந்தி வெளிச்சம். அங்க பெருவிலங்கு வேட்டை பொதுவா சூரியன் மறைஞ்சு ஒரு மணி நேரம் வரைக்கும் உண்டு. அதுக்கு 56 மி.மீ. முன் லென்ஸ்னு சொல்லிச் சொல்லியே விக்கறாங்க. 8×-ல 56 மி.மீ. கொடுக்கறது 7 மி.மீ. ஒளிக்கற்றை. இருபது வயசுக் கண்ணு அவ்வளவு விரியும். அம்பதைத் தாண்டின கண்ணு பெரும்பாலும் 5 மி.மீ. பக்கம்தான் விரியும், மிச்சம் வீண். மச்சான் வயசைப் பொறுத்து, கையில இருக்கிற 3-9×40-ஐயே 6×, 7×-ல வச்சா 6 மி.மீ. கிட்ட வந்துடும். அதனால என் யோசனை: இருக்கிற ஸ்கோப்பை அஃபூவுக்கு வச்சுக்கிட்டு, பத்தூவுக்கு மட்டும் 1-6×24 வாங்கி, ரெண்டுக்கும் தட்டினா கழலற மவுண்ட் போடறது. உங்களுக்கு உதவாத ஸ்கோப்பு அவருக்கே உதவும், செலவும் ஒண்ணோட நிக்கும். .308 உதைக்குக் கண்ணு தூரம் 90 மி.மீ.க்குக் குறையாம இருக்கணும், இல்லேன்னா புருவத்துல தழும்பு. 100 மீட்டர்ல ஜீரோ பண்ணிட்டா 50-ல ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசம் வராது, 200-ல பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கும்.


கெடிலம்:

தலைப்புல வேட்டைன்னு இருக்கிறதால புதுசா படிக்க வர்றவங்களுக்கு ஒரு வரி. மேல சொன்ன வேட்டையெல்லாம் அந்த நாட்டுச் சட்டம். இங்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைக்குத் தடை, முயற்சி பண்ணினாலே வேட்டைதான். கொக்கு, மடையான், நீர்க்கோழி எதுவும் விதிவிலக்கு இல்லை. முன்னால காக்கா, எலியெல்லாம் தனி அட்டவணையில இருந்துது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்தப்ப அந்த அட்டவணையே போயிடுச்சு. ஊசுடு, பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஏர் கன்னைத் தோள்ல மாட்டிக்கிட்டுச் சுத்தறது வம்பை விலைக்கு வாங்கறது. 4.5 மி.மீ.க்கு மேல போகாம 20 ஜூலுக்குக் கீழ இருக்கிற ஏர் கன்னுக்கு ஆயுத உரிமம் வேண்டாம்னாலும், பாகூர்ல இருந்து கடலூர் பக்கம் வர்றதுக்குள்ள புதுச்சேரி-தமிழ்நாடு எல்லை மாறிடும், அதனால உறைக்குள்ள, லோடு இல்லாம, வாங்கின பில்லோட கொண்டு வாங்க.

தோப்புல மண்கரை நல்லது. தென்னை மரத்துல டார்கெட்டை ஆணியடிக்காதீங்க, கெட்டியான மரம், பெல்லட் திரும்பி வரும். கல்லு, பாட்டில், தகரத்துக்கும் அதே கதி. மண்ணுல கல் இருந்தா ஜல்லடை போட்டு எடுத்துடுங்க, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. கரையைத் தாண்டி மேல எகிறின பெல்லட் முன்னூறு மீட்டருக்கு மேல போகும், பின்னாடி யார் வீடுன்னு தெரிஞ்சுதான் சுடணும்.


ரசமட்டம்:

கடற்கரை ஊர்க்காரங்க மறக்கற ஒண்ணு: ஸ்கோப்பை ரெக்ஸின் உறைக்குள்ள பஞ்சோட சேர்த்துப் பூட்டி வைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சு வச்சுக்கும், லென்ஸ் ஓரத்துல வலை மாதிரி பூஞ்சை படரும். படர்ந்தா பூச்சையும் அரிக்கும், துடைச்சா போகாது. மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க, நிறம் மாறினா வாணலியில இளஞ்சூட்டுல வறுத்துத் திரும்பப் போடலாம். நைட்ரஜன் அடைச்ச ஸ்கோப்பான்னு வாங்கறப்பவே பாருங்க. டரட் மூடியைத் திறந்தா உள்ள ரப்பர் வளையம் தெரியணும். லென்ஸை வேட்டி முனையால துடைக்கிற பழக்கம் வேண்டாம், உப்பும் மணலும் பூச்சுல கீறும். முதல்ல ஊதுபந்தால ஊதி, பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி.


பாகூரான்:

மச்சானுக்கு அப்படியே அனுப்பிட்டேன். அவர் போறது பத்தூவுக்குத்தானாம், 1-6×24 பார்க்கறேன்னுட்டார். நான் 3-9×40 ஏஓ-வும் ஒற்றைத் துண்டு மவுண்டும் ஆர்டர் போட்டுட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: மவுண்டோட ஸ்டாப் பின், துப்பாக்கியில இருக்கிற ஓட்டையைவிடக் கொஞ்சம் தடிமனா வந்தா என்ன பண்றது? ஓட்டையைப் பெருசாக்கலாமா?


ரசமட்டம்:

ஓட்டையைத் தொடாதீங்க. அது கம்ப்ரஷன் குழல் மேல இருக்கிற உலோகம், டிரில் உள்ள இறங்கினா துப்பாக்கியே போச்சு. பின் பெரும்பாலும் எல்-கீ போடற சின்ன கிரப் திருகுதான். கழட்டி முனையை அரத்துல ஒரே அளவா ராவி, ஓட்டையில அடி தட்டாம இறங்குதான்னு பாருங்க. முனை அடியில தட்டினா மவுண்ட் தூக்கிக்கும், டவ்டெயில்ல பிடி சரியா விழாது. அப்படியும் சேரலேன்னா பின்னை முழுசா மேல ஏத்திட்டு, டவ்டெயிலோட பின்கோடியில மவுண்டுக்குப் பின்னால தனியா ஒரு ஸ்கோப் ஸ்டாப் கட்டை போட்டு முட்டுக்கொடுங்க.